வாசகசாலைச் சங்க ஆண்டறிக்கை, 2024-25

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 1, குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள் கூட்டம், பிள்ளைகளுக்கான பேச்சுப்போட்டி, குடியரசு தினக் கொடியேற்றம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது.

இனி பெட்டி விஷயம். மாடியில் கிடந்த ஏழு தகரப் பெட்டிகளையும் இந்த வருடம் ஸ்கேன் செய்து முடித்துவிட்டோம். திருவிதாங்கூர் காலத்து ஒற்றிப் பத்திரங்கள், கரம் (நிலவரி) தீர்த்த ரசீதுகள், நம் பழைய கூட்டக் குறிப்பேடுகள், பாதி மலையாளம், பாதி தமிழ். முடிகிற நேரத்தில் வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. படம்தான் எடுத்தாயிற்றே, மூலத்தாளை எங்களுக்கு அனுப்புங்கள், குளிரூட்டிய அறையில் வைக்கிறோம், செலவு எங்களுடையது என்று. நான் முடியாது என்று பதில் எழுதினேன். "கரையானுக்குக் கொடுக்கிறதுக்கு அவங்களுக்குக் கொடுத்திருக்கலாமே அண்ணாச்சி" என்று இப்போதும் சிலர் கேட்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1098, அதாவது 1922-23ஆம் வருடத்துக் கரம் ரசீது ஒன்று. ஸ்கேனில் முன்பக்கம் தெளிவாக இருந்தது. தாளைத் திரும்ப உறையில் வைக்கும்போதுதான் பார்த்தேன், பின்பக்கம் பென்சிலால் "குளத்தங்கரை வரப்புத் தென்னை நாலும் ரெண்டு பேருக்கும் பொது" என்று மங்கலாக எழுதியிருந்தது. ஸ்கேன் செய்த பையன் வெற்றுப்பக்கம் என்று விட்டிருக்கிறான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். தாள் கையில் இருந்ததால் மறுநாளே அந்தப் பக்கத்தையும் எடுத்தோம். கடல் கடந்து போயிருந்தால் அப்படி ஒரு பக்கம் இருப்பதே நமக்குத் தெரியாது.

அப்புறம், இவை குடும்பங்கள் நம்பிக் கொடுத்தவை. 30 வருடத்துக்கு மேற்பட்ட பத்திரம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து கோர்ட்டுக்கு வந்தால் அது உண்மையானது என்று அனுமானிக்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2023இல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. நாளைக்கு ஒரு வீட்டார் வரப்புத் தகராறில் வந்து கேட்டால், தாள் வெளிநாட்டில் இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? போதாததற்கு, 75 வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டமே சொல்கிறது.

அங்கே போனால் பத்திரமாக இருக்கும் என்பதும் சரியில்லை. ஜெர்மனியில் கொலோன் நகர ஆவணக் காப்பகம் 2009 மார்ச்சில் மெட்ரோ சுரங்க வேலையால் அப்படியே சரிந்து விழுந்தது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை 2023 அக்டோபரில் தாக்கினார்கள், ஸ்கேன் செய்து வைத்திருந்த சுவடிகளை மாதக்கணக்கில் யாராலும் பார்க்க முடியவில்லை. படமும் அங்கே, தாளும் அங்கே என்றால் நம் கையில் என்ன மிஞ்சும்? அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக அதே நூலகம் நடத்தும் திட்டத்திலேயே மூலம் சொந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைச் சிலர் நினைவூட்டினார்கள். நியாயம்தான். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக்கூடாது. அதனால்தான் படங்கள் இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று இங்கே, மற்றது நாகர்கோவிலில். இன்னொரு நகலை வெளிநாட்டுக்குக் கொடுக்கவும் எனக்குத் தடையில்லை. தாள் மட்டும் இங்கேயே இருக்கட்டும்.

இதை முடிவு செய்யத்தான் ஜூனில் பொதுக்குழு கூட்டினேன். 83 உறுப்பினர்களில் 11 பேர் வந்தீர்கள். அன்றைக்கு வராமல், அப்புறம் டீக்கடையில் நின்று செயலாளர் தன்னிச்சையாகச் செய்துவிட்டார் என்று பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வந்தது ஸ்கேனுக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகப் போயிற்று, கையிருப்பு கொஞ்சம்தான். 46 பேர் சந்தா பாக்கி. நன்கொடையாளர்களுக்கும், அட்டவணை எழுதித் தந்த மாணவிகளுக்கும், பழைய மலையாளக் கையெழுத்தை வாசித்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் நன்றி.

அடுத்த வருடம் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நமக்கு வருடத்தில் இரண்டு மழை. மாடியின் வடக்குச் சுவர் இப்போதே ஓதமடித்துக் கிடக்கிறது, கை வைத்தால் சுண்ணாம்பு உதிர்கிறது. ஜூனுக்கு முன் சுவரைப் பூசி இரண்டு இரும்பு அலமாரி வாங்கியாக வேண்டும். வாரம் ஒருநாள் பெட்டியைத் திறந்து கரையான் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும், இப்போது நான் மட்டும்தான் பார்க்கிறேன். ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் வாசகசாலையில்தான் இருப்பேன், ரசீதுப் புத்தகமும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்