கமலி, அந்தச் செவப்பு ரோஜாவை மொதல்ல தோண்டிப் பாரு

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயித்துக்கிழமை ராத்திரி

கமலி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துடுச்சு, பதில் போட நாலு நாள் ஆனதுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன். மொதல்ல பேத்தி பொறந்ததுக்கு ரொம்ப ரொம்ப சந்தோஷம்டீ, போட்டோவுல அப்படியே உன் மூக்கு. மக கூடவே இருந்து பாத்துக்கோ, ஆனா முட்டி வலியை வச்சுக்கிட்டு தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை 500 படிக்கும் மேல ஏறியே தீருவேன்னு அடம் பிடிக்காத, இந்த வருஷம் கீழ நின்னு கும்பிட்டுக்கோ. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அவருக்கு சுகர் கொஞ்சம் எறங்கியிருக்கு, சின்னவன் வேலை மாத்திக்கிட்டு ஷா ஆலம் பக்கம் போயிட்டான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கடைசி பக்கத்துல எழுதியிருந்த பாரு, அப்பா உன் கல்யாணத்துக்குக் குடுத்த செவப்பு ரோஜா இந்த வருஷம் மாதிரி என்னைக்கும் வளந்ததில்ல, 7 அடி ஒசரம் போயிடுச்சு, கண்ணு கொள்ளாத பச்சை, பூ மட்டும் எட்டு மாசமா இல்ல, உரம் பத்தலையான்னு. அதைப் படிச்சதும் வயித்துல பக்குன்னு ஆயிடுச்சு. இதை எப்படி உனக்குச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நாலு நாள் போச்சு. கமலி, அப்படி செழிச்சு நிக்கிறது அப்பா குடுத்த ரோஜாவா இருக்காதுன்னு பயப்படுறேன். அப்பா அதை ஒரு காட்டு ரோஜா வேர் மேலதானே ஒட்டுக் கட்டியிருந்தாரு, அடியில இருக்கிற அந்தக் காட்டுச் செடி எந்திரிச்சு மேல இருக்கிறதை முழுங்குதுன்னு நெனைக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கும் இதேதான் நடந்துச்சு. அப்பா போனப்புறம் மூணு செடி என் பொறுப்புக்கு வந்துச்சு இல்ல, மஞ்சள், செவப்பு, ரோஸ் கலரு. மஞ்சள் வந்து பீஸ்னு பேரு, சமாதானம்னு அர்த்தம், பிரான்ஸ்ல உருவானது, உலகச் சண்டை முடியிற நேரத்துல 1945ல அந்தப் பேரு வச்சாங்க. செவப்பு மிஸ்டர் லிங்கன், 1964ல அமெரிக்காவுல வந்தது, உன்கிட்ட இருக்கிறது அதோட ஒட்டுதான். ரோஸ் கலரு குயீன் எலிசபெத், 1954. கேமரன் மலையிலேர்ந்து அப்பா பஸ்ஸுல மடியில வச்சே கொண்டு வந்ததுங்க, அப்புறம் அவரே கொம்புலேர்ந்து துளிர்க் கண்ணு எடுத்து எத்தனை பேருக்கு ஒட்டுக் கட்டிக் குடுத்தாரோ.

வீட்டை ரினோவேஷன் பண்ணினோமே, அப்போதான் வினை வந்துச்சு. வேலைக்கு வந்தவங்க வேலியோரத்துல வெள்ளம் தேங்குதுன்னு ஒரு முழம் மண்ணை ஏத்தி விட்டுட்டாங்க, நானும் நல்ல மண்ணுதானேன்னு சும்மா இருந்துட்டேன். ஒட்டுப் போட்ட இடம் ஒரு முடிச்சு மாதிரி புடைச்சிருக்கும் பாரு, அது மொத்தமும் மண்ணுக்குள்ள போயிடுச்சு. பனி கொட்டுற ஊர்ல குளிர்லேர்ந்து காப்பாத்த வேணும்னே அதைப் பொதைப்பாங்களாம், நம்ம ஊர்ல தெனமும் பேயிற மழைக்கு அது வெளிய காத்தாட இருக்கணும், அப்பா ரெண்டு விரல்கட்டை மேலதான் வச்சிருந்தாரு. மஞ்சளுக்கு முடிச்சே அழுகி மேல ஏறுற சத்து நின்னு போச்சு, வேர்ச்செடிக்கு என்ன, அது பாட்டுக்கு கீழேர்ந்து குச்சி குச்சியா விட ஆரம்பிச்சிடுச்சு. எனக்கோ சந்தோஷம், மண்ணு மாத்துனதும் செடிக்கு உயிர் வந்துடுச்சுன்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் காட்டுனேன். ஆறு மாசத்துல மஞ்சள் கொம்பு எல்லாம் கருகிப் போச்சு, ஒரு பூ இல்ல. அப்புறம்தான் விளங்குச்சு.

சுங்கை பூலோவுல அந்தப் பழைய தொழுநோய் குடியிருப்பு இருக்கே, 1930ல ஆரம்பிச்சது, குணமானவங்க அங்கயே செடி வளத்து வித்து இப்போ வரிசையா நர்சரிங்க, அங்க வயசான சீன அங்கிள் ஒருத்தர்கிட்ட ஒரு கொப்பை எடுத்துட்டுப் போய்க் காட்டுனேன். அவரு இலையை எண்ணவே இல்ல கமலி. நம்ம எல்லாரும் சொல்வோமே, அஞ்சு இலைன்னா நல்ல ரோஜா, ஏழு இலைன்னா காட்டு ரோஜான்னு, அது சுத்தமா நம்பக்கூடாத கணக்கு, நல்ல ரோஜாவும் ஏழு விடும், நான் அதை நம்பி குயீன் எலிசபெத்துல ஒரு அருமையான புதுக் கொம்பை வெட்டப் போயிட்டேன். அவரு இலைக் காம்பைத் திருப்பி அது தண்டுல ஒட்டுற எடத்தைக் காட்டுனாரு, ரெண்டு பக்கமும் சின்னதா இலை மாதிரி ஒரு தோல் இருக்கும், அதோட ஓரம் சீப்புப் பல்லு மாதிரி கிழிஞ்சு கிழிஞ்சு இருந்துச்சு. மல்ட்டிஃப்ளோரா, ஜப்பான் கொரியா பக்கத்துக் காட்டு ரோஜா, ஒட்டுக்கு வேரா நெறைய இடத்துல இதைத்தான் வைக்கிறாங்கன்னாரு. நம்ம பூ ரோஜாவுல அந்த ஓரம் பெரும்பாலும் வழவழன்னு இருக்கும். நீ கண்ணாடி போட்டுக்கிட்டு மொதல்ல அதைப் பாரு. அமெரிக்காவுல டாக்டர் ஹியூய்னு ஒரு வேர் ரோஜா இருக்காம், பழைய வீட்டு வாசல்ல ஒட்டு செத்து அதோட கருஞ்செவப்புப் பூதான் இன்னைக்கும் பூத்துக்கிட்டு நிக்குதாம், வீட்டுக்காரங்க அது பாட்டி வச்ச ரோஜான்னே நெனைச்சுக்கிட்டு இருக்காங்களாம்.

காம்பு ஓரத்தைப் பாத்தாலும் முடிவு பண்ணிடாத, குச்சி எங்கேர்ந்து பொறக்குதுன்னு பாக்குறதுதான் நிச்சயம். கையால மண்ணைத் தள்ளு, சின்ன கரண்டி போதும், சங்கோல், அதான் மண்வெட்டி, போட்டுக் கொத்தாத. முடிச்சுக்குக் கீழேர்ந்து வந்தா காட்டுச்செடி, மேலேர்ந்து வந்தா அது நம்ம செவப்பு, அதுல கையே வைக்காத. கீழ வந்ததை கத்திரியால மண்ணு மட்டத்துல நறுக்குனா அடியில தூங்குற கண்ணு எல்லாம் முழிச்சு ஒண்ணுக்கு மூணா வரும், நான் நறுக்கி நறுக்கித்தான் கெடுத்தேன். வேரோட ஒட்டுற இடம் வரைக்கும் தோண்டி, கட்டை விரலை வச்சு அமுக்கி கீழ் பக்கமா வெடுக்குன்னு பிச்சு எடுக்கணும், அடிக்கட்டையோட வரணும். எஸ்டேட் நர்சரியில அப்பா அதைத்தானே செய்வாரு, ஞாபகம் இருக்கா, ஆர்.ஆர்.ஐ.எம் 600ங்கிற ரகத்தோட கண்ணு கட்டுன ரப்பர் கன்னுல ஒட்டுக்குக் கீழ துளிரு வந்தா நடந்துக்கிட்டே கிள்ளிக்கிட்டே போவாரு, நம்ம ரெண்டு பேரும் பின்னாடி பொறுக்கிக்கிட்டே போவோம். இத்தனை தடவை பாத்தும் ரோஜாவுக்கும் அதே விதின்னு எனக்குத் தோணலையே.

முடிச்சுல கையை வைக்கும்போது இன்னொண்ணும் தடவிப் பாரு, சொரசொரன்னு காலிஃப்ளவர் மாதிரி கட்டி இருக்கான்னு. என் செவப்பு அதுலதான் போச்சு, எலுமிச்சம்பழம் சைஸுக்கு ரெண்டு. அது ஒரு பாக்டீரியா, காயம் பட்ட வழியா உள்ள போய் தன்னோட மரபணுவையே செடியோட செல்லுக்குள்ள சொருகிடும், அதுக்கப்புறம் செடி தானா கட்டியை வளத்துக்கிட்டே இருக்கும், அதனால அறுத்து எடுத்தும் பிரயோஜனம் இல்ல. வேரோட புடுங்கி, சுத்தி இருந்த மண்ணையும் ஆறு சாக்குல அள்ளிப் போட்டேன், அந்த இடத்துல இப்போ செராய், அதான் எலுமிச்சைப் புல்லு, மட்டும்தான். கொம்பு எடுத்து வச்சிருக்கலாமேன்னு கேப்ப, நோய் தண்டுக்குள்ளயும் போயிருக்கலாம்னு அங்கிள் சொன்னாரு, மத்ததுக்கும் ஒட்டிக்கிடுமேன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். அன்னைக்கு நான் சாப்பிடல. ஆக அப்பாவோட செவப்பு, எனக்குத் தெரிஞ்சு, உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. இதுக்குத்தான் இவ்ளோ தூரம் எழுதுறேன்.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. குயீன் எலிசபெத்தும் அதே மண்ணுல பொதைஞ்சுதான் கெடந்துச்சு, அதுவும் போயிருக்கும்னு போன மாசம் பயந்துக்கிட்டே தோண்டுனேன். அடியில பழைய வேரு கருப்பாகி, தொட்டா உரிஞ்சு கையோட வருது. ஆனா முடிச்சுக்கு மேல, ரோஸ் கலரு தண்டுலேர்ந்தே, வெள்ளை வெள்ளையா தடிமனா வேரு, பத்து பன்னெண்டு இருக்கும், நுனியில மண்ணு சின்னச் சின்ன உருண்டையா ஒட்டிக்கிட்டு. பொதைஞ்சதுல அது தனக்குத் தானே வேரு விட்டுக்கிடுச்சு! மண்ணு மேல அப்படியே உக்காந்துட்டேன்டீ. திரும்ப மூடி விட்டுட்டேன், இப்போ ரெண்டு மொட்டு வச்சிருக்கு. ஒருவேளை போயிடுமோன்னு அதுல 12 கட்டிங் எடுத்து மணலும் தேங்காய் நாரும் கலந்து பாட்டிலைக் கவுத்து நெழல்ல வச்சேன், ஆறு வாரத்துல 5 பொழைச்சுடுச்சு, அதுல ஒண்ணு உனக்கு.

மஞ்சள் போச்சு, ஆனா அதோட காட்டு வேரை நான் தூக்கிப் போடல. அதுவும் அப்பா கொண்டு வந்ததுதானே. கட்டி கிட்டி எதுவும் இல்லன்னு கழுவிப் பாத்துட்டு அதோட கொம்பை நறுக்கி நட்டேன், அது கட்டையைச் சொருகுனாலும் வேரு விடும், இப்போ 6 தொட்டியில பென்சில் தடிமனுக்கு நிக்குது. அதுலதான் உன் செவப்பை ஒட்டுக் கட்டப் போறேன். பட்டையில டீ எழுத்து மாதிரி கீறி, கண்ணை ஒரு இன்ச்சுக்கு பட்டையோட சீவிச் சொருகி, கண்ணு மட்டும் வெளிய தெரிய நாடாவால கட்டுறது. மூணு வாரம் கழிச்சு கண்ணுக்குக் கீழ விட்ட காம்புத் துண்டைத் தொட்டா பட்டுன்னு விழுந்துச்சுன்னா ஒட்டிக்கிடுச்சு, காஞ்சு ஒட்டிக்கிட்டே இருந்துச்சுன்னா போச்சு. போன வாரம் ரோஸ் கலருல ரெண்டு கட்டிப் பழகியிருக்கேன், அப்பாவோட கத்திதான், பிடியில அவரு சுத்துன ரப்பர் நாடா இன்னும் இருக்கு.

அதனால நீ செய்ய வேண்டியது இதுதான். நாளைக்கே உரத்தை நிறுத்து. தோண்டிப் பாரு. முடிச்சுக்கு மேல உயிரோட ஒரு கொம்பு இருந்தா போதும், எவ்ளோ நோஞ்சானா இருந்தாலும் சரி, நகத்தால லேசா சொரண்டி உள்ள பச்சையா இருக்கான்னு பாரு. இருந்துச்சுன்னா கீழ உள்ளதை எல்லாம் பிச்சுப் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணு. கொம்பை போஸ்ட்ல எல்லாம் அனுப்பாத, நானே வர்றேன், கேஎல் சென்ட்ரல்ல ரயில் ஏறுனா நாலு மணி நேரத்துல பட்டர்வொர்த், ஃபெரி புடிச்சு ஜெலுத்தோங் வந்துடுவேன், பேத்தியையும் பாத்த மாதிரி ஆச்சு. ஈரப் பேப்பர், பிளாஸ்டிக் பை, ஐஸ் டப்பா எல்லாம் எடுத்துட்டு வர்றேன், கத்தியைத் தீட்டி வச்சுட்டேன்.

தோண்டும்போது மகளை ஒரு போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லு, ராத்திரி எந்நேரமா இருந்தாலும் பரவாயில்ல, நான் முழிச்சுத்தான் இருப்பேன்.

உன்
சாந்தி