வயலை அளக்க வரும் தொல்லியல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

கீழடிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ரெண்டு ஏக்கர் நெல், வரப்போரம் தென்னை. சில வருஷத்துக்கு முன்பு ஒரு குழு வந்து, வயலில் கயிறு பிடித்துக் கட்டம் போட்டு, காந்தமானியை, அதாவது மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று காந்தப்புலத்தை அளந்து பார்க்கும் கருவியை, தூக்கிக்கொண்டு இரண்டு நாள் நடந்தது. எந்தக் குழு என்று எழுதவில்லை. சண்டைக்கான மடல் இல்லை இது.

கருவியைச் சுமந்த தம்பி பெல்ட்கூடப் போடவில்லை. என் அரைஞாண் கயிற்றில் தொங்கிய மோட்டார் ரூம் சாவியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு. அப்புறம் அவனே விளக்கினான். பக்கத்தில் இரும்பு இருந்தால் கருவியின் அளவு கெட்டுவிடுமாம். நம் பக்கம் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தத்தை அளக்கும் அலகு). புதைந்து கிடக்கும் செங்கல் சுவர் அதில் சில அலகுகளைத்தான் மாற்றும். சூளை என்றால் சில பத்து அலகுகள். சுட்ட மண் ஆறும்போது அன்றைய காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கிறதாம். ஆயிரம் வருஷம் ஆனாலும் விடாதாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் லேப்டாப்பில் தென்கிழக்கு மூலையில் பெரிய கறுப்புத் திட்டு தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அது என் அப்பா 1991இல் வீடு கட்டச் செங்கல் அறுத்துக் காளவாசல் (செங்கல் சூளை) போட்ட இடம்! காலையிலேயே கேட்டிருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பேன்.

அதனால், கயிறு பிடிக்கும் முன் நிலத்துக்காரரோடு ஒரு நடை நடந்துவிடுங்கள். தூர்த்த கிணறு, கைவிட்ட போர்வெல், மாற்றிப் போட்ட வரப்பு எல்லாம் எங்களுக்குத் தெரியும். கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) அடித்த வயலில் பானை ஓடு கிடந்தால் அது கண்மாயிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். கருவி காட்டும் அந்தப் படத்தின் நகல் ஒன்றை எங்களுக்குக் கொடுங்கள். கீழடியில் 2019இல் ஐந்தாம் கட்ட அகழாய்வையொட்டி, மண்ணுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் ஓட்டினார்கள். குழி வெட்டியதையும் ஊரே பார்த்தது. குழி வெட்டாத வயல்களில் அப்படி இல்லை. படம் உங்களோடு போய்விடுகிறது, உளிக்கலப்பை எங்களோடு இருக்கிறது. அது ஒன்றரை அடி இறங்கும். சுவர் எங்கே என்று தெரிந்தால் அந்த மூலையை மேலாக உழுவோம், போர்வெல் போட வேறு இடம் பார்ப்போம்.

சொன்னால் புதையல் என்று தோண்டிவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் சொல்லாமல் போனதால்தான் தங்கம் இருக்கிறது, நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. பக்கத்து வயல்காரர் அடுத்து வந்தவர்களை வரப்பிலேயே நிறுத்திவிட்டார்.

ஈரக் களிமண்ணில் ரேடார் அலை ஆழம் போகாது என்பது உங்களுக்கே தெரியும். அறுப்புக்கு முன் வந்தால் நெல்லும் மிதிபடும், படமும் வராது. பங்குனியில் வாருங்கள். ஒரு வாரம் முன்னால் சொன்னால் முள்கம்பி வேலியைச் சுருட்டி வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
வைகைக் கரை விவசாயி ஒருவன்