பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடைக்காரர்களே,

என் முதல் கம்ப்யூட்டரை அப்பா உங்கள் தெருவில்தான் அசெம்பிள் செய்து வாங்கித் தந்தார். நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அல்சூருக்கு ஆட்டோவில் திரும்பினோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இன்று நானும் இரண்டு நண்பர்களும் கேம் செய்கிறோம். மூன்று வருட உழைப்பில் உருவான முதல் கேமைப் போன வருடம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளியிட்டோம். விலை 349 ரூபாய். போன மாதம் அக்கா மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க உங்களிடம் வந்தேன். பில் போட்டதும் கடைப் பையன், "கேம் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்க்கா" என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினான். ஓடிய ஃபோல்டர்களில் எங்கள் கேமும் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "நல்லாருக்கும்க்கா, நானே முடிச்சிட்டேன்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

முதலாளியிடம் கேட்டேன். "பிசி கேமை இப்ப யாரும்மா காசு குடுத்து வாங்கறாங்க? எல்லாம் மொபைலுக்குப் போயாச்சு" என்றார். உங்கள் அலமாரியில் டிவிடி பெட்டிகள் இல்லாமல் போனது உண்மைதான். ஆனால் 2025 மார்ச்சில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் 4 கோடிக்கும் மேல். நீங்கள் விற்கும் கிராபிக்ஸ் கார்டுகளில் பாதி எதற்காகப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். 30,000 ரூபாய்க்குக் கார்டு வாங்குகிறவரிடம் 349 ரூபாய் இருக்காதா?

ஒரு காலத்தில் நானும் காப்பி டிவிடியில் விளையாடியவள். 2015 நவம்பர் வரை ஸ்டீமில் ரூபாய் விலையே கிடையாது; டாலரில் கட்ட எங்கள் வீட்டில் கிரெடிட் கார்டும் இல்லை. இன்றும் பெரிய கம்பெனிகள் புது கேமுக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் கேட்கின்றன. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஹார்ட் டிஸ்க் பெரியவர், சிறியவர் என்று பார்ப்பதில்லை. 2013-இல் சகோதரர்கள் இருவர் 'கேம் டெவ் டைகூன்' என்ற கேமை வெளியிட்டபோது, தாங்களே ஒரு திருட்டுக் காப்பியையும் இணையத்தில் விட்டுப் பார்த்தார்கள். முதல் நாளில் காசு கொடுத்தவர்கள் 214 பேர். திருட்டுக் காப்பியில் ஆடியவர்கள் 3,104 பேர்.

2023-இல் வந்த 'வெண்பா' என்ற கேமில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம் ஒன்று இட்லி அவிக்கிறது. அப்படிப்பட்ட கேம்கள் எங்களைப் போன்ற சின்னக் குழுக்களிடமிருந்துதான் வரும்.

பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமல்ல. காசு கட்டாத கேமை ஓட வைக்கும் கிராக்கைப் போட ஆன்டிவைரஸை அணைக்கிறீர்களே, அது வாடிக்கையாளரின் பேங்க் பாஸ்வேர்டு இருக்கும் கம்ப்யூட்டர் என்பதையாவது நினையுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஸ்டீமைப் போட்டுக் கொடுங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 எல்லாம் இலவசம்தான். தள்ளுபடி எப்போது வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த மாதம் என் கம்ப்யூட்டருக்கு ராம் (மெமரி) வாங்க வருவேன். அந்தப் பையனுக்கு எங்கள் கேமை ஸ்டீமில் முறைப்படி திறக்கும் கீ (குறியீடு) ஒன்றைக் கொண்டுவந்து தருகிறேன். வெளியான பிறகு நாங்கள் சேர்த்த இரண்டு அத்தியாயங்கள் அவன் முடித்த காப்பியில் இருந்திருக்காது.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு கேம் டெவலப்பர்