உன் எக்செலில் ஒரு வரி குறைகிறது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபித் தோட்டம், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, வேலி, போர்வெல், ஹோம்ஸ்டேக்கு இரண்டு அறை என்று கலர் கலராகப் போட்டிருக்கிறாய். அப்பாவிடம் பி.எஃப். பணத்தைப் பற்றியும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாயாமே, அவர் என்னிடம் சொல்லாமல் இருப்பாரா? போனில் பேசினால் நீ "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பயப்படாதே.

போன ஞாயிறு இங்கே, போர்ட்டோ ரிக்கோ தீவில், ஒரு காபி மலைக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் அட்ஹுந்தாஸ். ஆங்கில எழுத்தைப் பார்த்து அட்ஜுந்தாஸ் என்று படித்ததற்கு ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். கரீபியன் கடலில் அமெரிக்காவின் கையில் இருக்கும் தீவு, கடல், வெயில், தென்னை மரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் கடலோரம் இருக்கும் போன்சே நகரத்திலிருந்து அரைமணி, முக்கால் மணி நேரம் மலை ஏறினால் காது அடைக்கிறது, ஸ்வெட்டர் தேடச் சொல்கிறது. ஊருக்கு மேலே இருக்கும் மலை வரிசை ஒரு ஆள் மல்லாந்து படுத்திருப்பது போல இருப்பதால் 'தூங்கும் ராட்சசன்' ஊர் என்கிறார்கள். எனக்கு உங்கள் அப்பா ஞாயிறு மத்தியானம் படுத்திருப்பது போலத்தான் தெரிந்தது.

கூட வேலை பார்க்கும் பெண்ணின் மாமா அங்கே தோட்டம் வைத்திருக்கிறார். எழுபது வயது தாண்டியவர், ஸ்பானிஷ் மட்டும்தான், அவள்தான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பழம் பறிக்கும் சீசன் இது, ஆகஸ்டில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும். நான் சும்மா இருக்காமல் நானும் பறிக்கிறேன் என்று ஒரு கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். சரிவு என்றால் அப்படியொரு சரிவு, ஒரு காலைச் செடியின் அடியில் முட்டுக் கொடுத்துத்தான் நிற்க முடிகிறது. ஒரே கிளையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்து கிடக்கிறது, சிவப்பை மட்டும் காம்பு பிய்யாமல் திருகி எடுக்க வேண்டும், மற்றதற்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். நடுவில் கண்ணுக்கே தெரியாத ஒரு எறும்பு, அல்பயால்தே என்கிறார்கள், கழுத்துக்குள் இறங்கி நெருப்பு வைத்தது போல் கடிக்கிறது. அரைமணி நேரத்தில் கூடையின் அடி கூட மறையவில்லை. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், அவள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

அங்கே அளவு 'அல்மூத்'. ஒரு அல்மூத் பழம் 28 பவுண்டு, நம் கணக்கில் பன்னிரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பறிப்பவருக்கு இத்தனை அல்மூத் என்று எண்ணித்தான் கூலி. ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டைதான் மிஞ்சும் என்பது உனக்கே தெரியும், அப்படியென்றால் ஒரு அல்மூத்துக்கு இரண்டு கிலோ சொச்சம். அந்த இரண்டு கிலோவைப் பறிக்கத்தான் இந்த மலையில் ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் ஃப்ளோரிடாவுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டார்கள். இவர் பக்கத்துத் தோட்டத்தில் பழம் செடியிலேயே கறுத்துக் காய்ந்து கொட்டிக் கிடப்பதை நானே பார்த்தேன். கீழே கிடக்கும் அந்தப் பழத்தில்தான் காய்த்துளைப்பான் பூச்சி குடியிருக்குமாம், 2007இல் இந்தத் தீவுக்கு வந்ததாம், அடுத்த வருஷக் காயை அது பார்த்துக்கொள்ளும்.

உன் ஷீட்டில் உரம் இருக்கிறது, சோலார் பம்ப் இருக்கிறது, வெப்சைட் செலவு கூட இருக்கிறது. பறிகூலி என்று ஒரு வரி இல்லை. கூலியை விடு, ஆளுக்கு எங்கே போவாய்?

இன்னொன்று. பழைய செடியைப் பிடுங்கிப் புதுக் கன்று நடப்போகிறேன் என்கிறாய், ஆனால் முதல் வருஷக் கட்டத்திலேயே விளைச்சல் போட்டிருக்கிறாய்! மூன்று நான்கு வருஷம் ஆகும்டா. அந்தப் பெரியவருக்கு இது எப்படிப் புரிந்தது தெரியுமா? 2017 செப்டம்பர் 20இல் மரியா புயல் வந்தபோது தீவில் இருந்த காபிச் செடியில் பெரும்பகுதி போய்விட்டது, நிழலுக்கு இருந்த குவாபா மரங்கள் செடி மேலேயே விழுந்தன. கரண்ட் வர மாதக்கணக்கில் ஆனது. கன்று வாங்கி நட்டார், களை எடுத்தார், காத்திருந்தார், நன்றாகக் காய்க்க ஆரம்பித்த வருஷம் 2022 செப்டம்பர் 18, ஃபியோனா புயல். அறுவடை நேரத்தில். அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே கதைதான். 1899 ஆகஸ்டில் சான் சிரியாக்கோ என்ற புயலில் இதே அட்ஹுந்தாஸில் 24 மணி நேரத்தில் 23 அங்குலம் மழை, தீவு முழுக்க மூவாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் அமெரிக்கா தீவைப் பிடித்திருந்தது, ஸ்பெயினுக்கும் கியூபாவுக்கும் போய்க்கொண்டிருந்த காபிக்கு அந்தச் சந்தைகள் கையைவிட்டுப் போயிருந்தன. பிழைக்க வழியில்லாமல் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி ஹவாய்க்குக் கரும்பு வெட்டப் போனார்கள். நம் ஊருக்குக் கயானா, ஃபிஜி மாதிரி.

ஏற்காட்டில் அப்படிப் புயல் வராது என்பாய். சரி, வராது. பூ பூக்கிற நேரத்தில் மழை வராமல் போகுமே?

மத்தியானம் ஊருக்குள் 'காசா புவெப்லோ' என்ற இடத்துக்குக் கூட்டிப் போனாள், ரோஸ் கலர் வீடு. 1980இல் இந்த மலைகளில் செம்புச் சுரங்கம் தோண்டப் போகிறார்கள் என்றதும் ஒரு கணவன் மனைவி ஆரம்பித்த அமைப்பு. பதினைந்து வருஷத்துக்கு மேல் விடாமல் போராடி, 1996இல் சுரங்கம் வரவேண்டிய இடத்தையே பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்க வைத்தார்கள். 1999லேயே கூரையில் சோலார் போட்டிருந்ததால் மரியாவுக்குப் பிறகு ஊரே இருட்டில் கிடந்தபோது மூச்சுக் கருவி ஓட்ட வேண்டிய நோயாளிகள் கூட இங்கேதான் வந்தார்களாம். அதெல்லாம் பெரிய விஷயம், ஆனால் நான் உனக்காகப் பார்த்தது வேறு. இவ்வளவுக்கும் முக்கிய வருமானம் காபிப் பொட்டலம். பழமாக வியாபாரிக்குக் கொடுக்காமல், சொந்தப் பெயரில் வறுத்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். அந்தப் பெரியவர் பழமாகவே விற்கிறார், அவருடைய விலையை அவர் சொல்வதில்லை. தீவில் குடிக்கிற காபியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது, இருந்தும் இவர் நிலைமை இது. உன் ஷீட்டில் ஹோம்ஸ்டேக்கு ஒதுக்கிய பணத்தை வறுக்கிற மெஷினுக்குப் போட்டால் என்ன என்று யோசி. வருகிறவன் உன் அறையில் தங்க வேண்டாம், காபியை வாங்கிக்கொண்டு போகட்டும்.

கிளம்பும் முன் பெரியவரின் மனைவி காபி கொடுத்தார். காடாத் துணிப் பையில் வடிகட்டி, கொதிக்கிற பாலை ஊற்றி, சர்க்கரை அள்ளிப் போட்டு. சேலத்தில் பித்தளை ஃபில்டர் வாங்குவதற்கு முன் உன் பாட்டி இப்படித்தான் துணியில் வடிகட்டுவார், அந்த வாசனையில் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

டிசம்பர் கடைசியில் வந்துவிடுவேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே, அப்பாவை நச்சரிக்காதே. ஜனவரியில் ஏற்காட்டில் பழம் எடுப்பார்கள், லீவு போட்டுவிட்டு வா, நீ வாங்கப் பார்க்கிற அதே தோட்டத்தில் ஒருநாள் முழுக்கக் கூலிக்குப் பறிப்போம், நானும் வருகிறேன். சாயங்காலம் எடை போட்டுப் பார்த்துவிட்டு அந்த வரியை நீயே நிரப்பு.

காபிப் பொடி இரண்டு பொட்டலம் வாங்கியிருக்கிறேன். சிக்கரி இல்லாத பொடி, நம் ஃபில்டரில் போட்டால் சட்டென்று இறங்கிவிடும், அப்பா தண்ணியாக இருக்கிறது என்பார். ஒரு ஸ்பூன் கூடப் போடச் சொல்.

அம்மா