இணைத்தன்மை அரசாணை, கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைக் கல்லூரி வாசல்களில் நாங்குநேரி, திசையன்விளை, மானூர், ஆலங்குளம் பக்கத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரைப் பார்க்கலாம். அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "வாத்தியார் வேலைக்கு எதைப் படிக்க வச்சா நல்லது சார்?" எந்தப் பாடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பட்டத்தின் பெயர் அரசு வேலைக்கு ஏற்கப்படுமா என்பதை யாரும் சொல்வதில்லை. ஐந்து, ஏழு வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில்தான் அது தெரியவருகிறது. புதுப் பெயரில் உள்ள பட்டம், வேலைக்குக் கேட்கப்படும் பட்டத்துக்குச் சமம் என்று அரசு பிறப்பிக்கும் ஆணைதான் இணைத்தன்மை அரசாணை.

தகுதிப் படிகள் குழப்பமானவை அல்ல. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் வேண்டும். பி.எட். முடித்தவர்களும் இந்த வகுப்புகளுக்கு வரலாம் என்று 2018-இல் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) திறந்த கதவை, 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. பட்டதாரி ஆசிரியருக்கு இளநிலைப் பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும். இதற்கு டெட் கிடையாது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு உண்டு. பாடத்தில் 110, கல்வியியலில் 30, பொது அறிவில் 10 என 150 கேள்விகள். கூடவே தமிழ்த் தகுதித் தாளும் உண்டு.

முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் எழுதுவதைத்தான் கிராஸ் மேஜர் என்கிறோம். எம்.ஏ. மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் அது இந்தப் பணிக்கு உதவாது. பி.காம். படித்தவர் எம்.காம். முடித்த பிறகே பி.எட். சேர முடியும் என்பதும் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. இவற்றையாவது முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பட்டத்தின் பெயரில் வரும் சிக்கல் அப்படியல்ல.

கல்லூரிகள் மாணவர்களை ஈர்ப்பதற்காகப் பழைய பாடங்களுக்குப் புதுப் பெயர் வைக்கின்றன. தாவரவியல் 'தாவர உயிரியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பமும்' ஆகிறது. ஆங்கில இலக்கியம் 'கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்' ஆகிறது. கணிதத்தோடு கணினிப் பயன்பாடு ஒட்டிக்கொள்கிறது. நடத்துகிற பாடம் ஏறக்குறைய அதேதான். ஆனால் சரிபார்ப்பு மேசையில் இருப்பவர் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பட்டச் சான்றில் முதன்மைப் பாடம் என்ற வரியில் விரலை வைத்து, அறிவிக்கையில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறார். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் "இணைத்தன்மை ஜி.ஓ. (அரசாணை) இருக்கா?" என்கிறார். இருந்தால் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போகிறார். இல்லையென்றால் பெயர் நிறுத்தி வைக்கப்படுகிறது. அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான்.

அந்த அரசாணை எளிதில் வந்துவிடுவதில்லை. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் இரண்டு பாடத்திட்டங்களையும் வைத்துக் கருத்துரு அனுப்ப வேண்டும். மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு தாள் தாளாக ஒப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகு உயர்கல்வித் துறை ஆணை பிறப்பிக்க வேண்டும். தேர்வு அறிவிக்கை வெளியான நாளுக்கு முன்பே ஆணை வந்திருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உள்ள அபிஷேகப்பட்டிக்கும் சென்னைக்கும் அலைந்து ஆணை வாங்கினாலும், அந்த முறை வேலை கைநழுவிப் போகலாம். இதற்குக் கருத்துரு அனுப்பும்படி கெஞ்ச வேண்டிய பொறுப்பை, வீட்டிலேயே முதல் பட்டதாரியான ஒரு பிள்ளையின் தலையில் கட்டுவது அநியாயம். புதுப் பெயரில் வகுப்பு தொடங்க ஒப்புதல் கேட்கும் அன்றே அந்தக் கருத்துருவும் போக வேண்டும். ஆணை வரும்வரை சேர்க்கைப் படிவத்தில் 'ஆசிரியர் பணிக்கு இணைத்தன்மை பெறப்படவில்லை' என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

தமிழ்வழிச் சான்றிலும் இதே தாமதம்தான் கேடு செய்கிறது. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் முன்னுரிமை தர 2010-இல் வந்த 20 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, கல்லூரி, பி.எட். கல்லூரி என ஒவ்வோரிடத்திலும் தனித்தனிச் சான்று வாங்க வேண்டும். ஒவ்வொரு படிப்பையும் முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே இதையும் வாங்கி வைத்துவிட்டால் பின்னாளில் அலைச்சல் இல்லை.

இனி, பணியில் இருந்துகொண்டே மேற்படிப்புக்குப் போகும் ஆசிரியர்கள் கவனத்துக்கு. சேர்வதற்கு முன் தலைமையாசிரியர் வழியாக முன் அனுமதி வாங்குங்கள். முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு பின்னேற்பு கேட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பிப் பதவி உயர்வுப் பட்டியலில் பின்தங்கியவர்கள் உண்டு. தொலைநிலைக் கல்வி என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கல்வியாண்டில், அந்தப் பாடத்துக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டி நம் ஊரில் படிப்பு மையம் நடத்த முடியாது. 2024 முதல் தொலைநிலையில் சேரும் மாணவருக்கு அந்தக் குழுவின் அடையாள எண்ணான டெப் ஐடி கட்டாயம். அதைக் கேட்காமலே பணம் வாங்கும் மையத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தேர்ச்சி பெற்றதும் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்வதோடு, உண்மைத்தன்மைச் சான்றுக்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து அது வந்துசேர மாதக்கணக்கில் ஆகலாம்.

பட்டத்துக்காகக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச் 10 அரசாணையோடு நின்றுபோனது. எம்.பில். படிப்பை யு.ஜி.சி.யின் 2022 நெறிமுறைகளே நிறுத்திவிட்டன. முன்பு பெற்ற எம்.பில். செல்லும், இப்போது அந்தப் பெயரில் பணம் கட்டுவது வீண். எம்.எட். கல்வியியல் கல்லூரியில் பணிபுரிய விரும்புவோருக்குத் தேவை. ஆனால் முதுநிலை ஆசிரியர் பணிக்கு வேண்டிய பாட முதுநிலைப் பட்டத்துக்கு அது ஈடாகாது.

இவற்றையெல்லாம்விட இன்று அவசரமானது வேறொன்று. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம். ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு இல்லை. நம் ஊரில் சிறுபான்மையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அவற்றுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விடப்பட்டது. மற்ற பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள், எத்தனை முதுநிலைப் பட்டங்கள் வைத்திருந்தாலும் அவை டெட்டுக்கு மாற்றாகா என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்த இரண்டாண்டுக்குள் புதிதாக ஒரு எம்.ஏ.வில் சேர்ந்து மாலை நேரத்தைத் தொலைக்க வேண்டாம். இரண்டு தாள்களுக்கும் பொதுவான குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் 30 மதிப்பெண்; இருபதாண்டு வகுப்பறையில் நின்றவர்களுக்கு அது கைவந்த பகுதி. பட்டதாரி ஆசிரியர்களைத் திணற வைப்பது தாள் இரண்டில் 60 மதிப்பெண்ணுள்ள கணிதம், அறிவியல் பகுதி. அறிவியல் ஆசிரியருக்குக் கணிதமும், கணித ஆசிரியருக்கு உயிரியலும் விட்டுப்போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களை, தனக்குப் பழக்கமில்லாத பாடத்திலிருந்து தொடங்குங்கள்.

முனைஞ்சிப்பட்டி ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இந்த விட்டுப்போன பாடங்களுக்கு மட்டும் சனிக்கிழமை வகுப்புகள் நடத்தலாம். ஒவ்வொரு வட்டாரக் கல்வி அலுவலகத்திலும், இணைத்தன்மை பெற்ற பட்டங்களின் பெயரையும் அரசாணை எண்ணையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து ஒட்டலாம். பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்திலேயே அதன் நகல் மேல்நிலைப் பள்ளி அறிவிப்புப் பலகைகளுக்கும் போய்ச் சேரும்படி முதன்மைக் கல்வி அலுவலர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.