யார் சொல்லி ஒளிர்கிறது?

அன்புள்ள செல்லமுத்து,

இங்கே அனைவரும் நலம். நீ கொடுத்தனுப்பிய மஞ்சள் வந்து சேர்ந்தது. விலை கேட்டு உன்னைக் கோபப்படுத்தப் போவதில்லை. அந்தமானிலிருந்து கோவை திரும்பியதிலிருந்து ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நம் கிணற்றுமேட்டுக் கூட்டத்தில் அதைச் சிரிக்காமல் கேட்கக்கூடியவன் நீ ஒருவன்தான்.

ஸ்வராஜ் தீவை ஒட்டிய கடலில் இரவு முக்குளிப்பின்போது, ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருந்த, முழங்கை நீளமுள்ள தெளிந்த குழல் ஒன்று என் டார்ச் வெளிச்சத்திற்குள் மிதந்து வந்தது. வழிகாட்டி சைகை காட்டியதும் டார்ச்சைக் கையால் மூடினேன். உடனே அந்தக் குழலின் ஒரு பக்கத்தில் நீலப்பச்சை ஒளி தோன்றி, மறுகோடிவரை ஓடிப் பரவியது.

அதன் பெயர் பைரோசோம். குழலின் சுவர் முழுவதும் சில மில்லிமீட்டர் அளவேயான தனித்தனி உயிர்கள். ஒவ்வொன்றும் வெளியிலிருந்து நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு, மீந்த நீரைக் குழலுக்குள் விடுகிறது. அந்த நீரெல்லாம் திறந்த முனை வழியே வெளியேறும் விசையில்தான் முழுக் கூட்டமும் மெல்ல நகர்கிறது. ஓர் இனம் 10 மீட்டருக்கும் மேல் வளருமாம். பார்வைக்கு ஜெல்லிமீனின் இனம்போல் தோன்றினாலும் இவை, நாமும் அடங்கிய முதுகுநாணிகள் என்ற பெரும்பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே அதைவிட நமக்கே நெருங்கிய உறவு. ராட்டில்ஸ்னேக் கப்பலில் உதவி மருத்துவராகப் போன ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி, 1851-இலேயே இவற்றின் உடலமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார்.

என்னை உலுக்கியது வேறு. இந்தச் சிற்றுயிர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பு இல்லை. ஒன்று ஒளிர்ந்தால், அந்த ஒளியைக் கண்டு அடுத்தது ஒளிர்கிறது. ஒளிரும்போதே நீர் இறைப்பதையும் நிறுத்துகிறது, கூட்டமே நின்றுவிடுகிறது. நில் என்று யாரும் உத்தரவிடவில்லை. தலைவர் கையெழுத்து வரும்வரை மதகைத் திறக்காத உங்கள் பாசன சங்கத்தில் இதைச் சொன்னால் உன்னைத் தீர்மானம் போட்டு வெளியேற்றிவிடுவார்கள்.

சிரிப்பு இருக்கட்டும். அன்றிரவு அங்கே என் வெளிச்சத்தை உணர்ந்தது யார்? ஒரு பிராணியா, ஆயிரமா? முக்குளிப்புக் குறிப்பேட்டில் இனத்தின் பெயரை எழுதிவிட்டு, எண்ணிக்கைக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கிழங்கு வாத்தியார் இன்னும் கோபியில்தானே இருக்கிறார்? அவரிடம் கேட்டு எழுது; பழைய தவளைக் கதையை மட்டும் அவரிடம் தொடங்கிவிடாதே.

அன்புடன்,
சென்னியப்பன்