ஓய்வின்றித் தேயும் மருத்துவ மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டமேற்படிப்பு மருத்துவ மாணவியான என் மகள், 36 மணி நேரத் தொடர் பணி முடித்து வீடு திரும்பிய அன்று, தட்டில் பரிமாறிய சோற்றைத் தொடாமலேயே உட்கார்ந்தபடி உறங்கிப்போனாள். நியாயமான பணி நேரமும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் அளிக்கப்பட வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. அந்த ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது (அதுவே அதிகம் என்பது என் எண்ணம்). ‘நியாயமான’ என்பதற்கு விதிமுறையில் மணிக்கணக்கு இல்லாததால், மருத்துவர் பற்றாக்குறையின் சுமை இம்மாணவர்கள் தலையிலேயே விழுகிறது. விடுப்பு கேட்டால் தேர்ச்சி பாதிக்கப்படுமோ என்று அஞ்சி, மனச்சோர்வை அவர்கள் வெளியே சொல்வதுமில்லை. பணி நேரப் பதிவேட்டைக் கல்லூரிகள் மாதந்தோறும் வெளியிடவும், புகார் அளிப்போரின் பெயர் காக்கப்படவும் ஆணையம் உடனே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
மாணவி ஒருவரின் தாய், மதுரை